“ஜூன் மாதம் எங்கே போயிருந்தீர்கள்?”

2023 ஜூலை 27, வியாழக்கிழமை காலை. பல் துலக்கிவிட்டு வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது உதட்டோரமாகத் தானாக வழிந்து சட்டையை நனைத்தது. கண்ணாடியில் பார்த்தேன். வலது பக்கம் என் முகம்தான். இடது பக்கம் யாரோ பிடித்துக் கீழே இழுத்துவிட்ட மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணை மூடினேன், இடது கண் மூடவில்லை. டாலஸ் பக்கத்தில் பிளேனோவில் ஒரு சின்ன அபார்ட்மெண்டில் நான் தனியாக இருந்தேன். மாமனாருக்கு அறுவை சிகிச்சை என்று கணவர் திருச்சி போயிருந்தார். எனக்கு வயது 34. பக்கவாதம் என்றே நினைத்துவிட்டேன். 911-ஐ அழைத்தபோது உதடு ஒட்டவில்லை. ‘ப’ வரவில்லை, ‘ம’ வரவில்லை. அந்தப் பயம் இதை எழுதும்போதும் வயிற்றில் வந்து உட்காருகிறது.

அது பக்கவாதம் இல்லை. ஏழு வாரம் முன்னால் ஒரு உண்ணி கடித்ததன் விளைவு. லைம் நோய். என் அறியாமையாலும், சரியான கேள்வியை யாரும் கேட்காததாலும் அது என் முகம் வரை வந்தது. அமெரிக்காவில் இருக்கும், அல்லது கோடையில் பிள்ளைகளைப் பார்க்க இங்கே வரும் நம் ஆட்களில் ஒருவருக்காவது இது பயன்படட்டும் என்றுதான் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

ஜூன் 9ஆம் தேதி நியூஜெர்சி எடிசனில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். மறுநாள் சனிக்கிழமை எல்லோரும் டெலவேர் வாட்டர் கேப் போனோம். நியூஜெர்சிக்கும் பென்சில்வேனியாவுக்கும் நடுவே ஆறு மலையைப் பிளந்துகொண்டு போகும் இடம். நல்ல வெயில். முழங்கால் வரை மடித்துவிட்ட பேண்ட், செருப்பு. புளியோதரை சாப்பிட விழுந்து கிடந்த ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்தேன். கீழே போன வருஷத்துச் சருகு. அரை மணி நேரம் இருந்திருப்பேன். அவ்வளவுதான் நடந்தது. திங்கட்கிழமை விமானம் ஏறி வந்துவிட்டேன்.

நான் மணப்பாறைப் பக்கம் கிராமத்தில் வளர்ந்தவள். உண்ணி எனக்குப் புதிதில்லை. மாட்டின் காது மடலில், வால் அடியில் ஆமணக்கு விதை மாதிரி உப்பிக்கிடப்பதைப் பிடுங்கிப் போட்டிருக்கிறேன். அதனாலேயே ஏமாந்தேன். உண்ணி என்றால் கண்ணுக்குத் தெரியும், கைக்குத் தட்டுப்படும் என்று நினைத்திருந்தேன். லைம் நோயைப் பெரும்பாலும் பரப்புவது கருங்கால் உண்ணியின் இளம் பருவம். அது கசகசா அளவுதான் இருக்கும். மே முதல் ஜூலை வரை அதற்குக் காலம். பறக்காது, குதிக்காது, புல் நுனியிலோ சருகிலோ காத்திருந்து நாம் உரசும்போது தொற்றிக்கொள்ளும். கடிப்பது வலிக்காது. எலியிடமிருந்து கிருமியை வாங்கி நம்மிடம் தரும். ஆனால் ஏறியவுடனே தந்துவிடாது. பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டிக்கொண்டிருந்தால்தான் கிருமி நம் உடம்புக்குள் போகிறது. இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் அன்று ராத்திரியே அக்கா வீட்டுக் குளியலறையில் முழங்கால் மடிப்பைத் தடவிப் பார்த்திருப்பேன். எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

ஜூன் 19ஆம் தேதி இடது முழங்காலுக்குப் பின்னால் ஒரு தடிப்பு இருப்பது குளிக்கும்போது தெரிந்தது. அரிப்பு இல்லை, வலி இல்லை, தொட்டால் லேசான சூடு. இணையத்தில் லைம் என்று தேடினால் வெள்ளைத் தோலில் சிவப்பு வட்டமும் அதற்குள் இன்னொரு வட்டமுமாக ஒரு படம் வரும். என்னுடையது அப்படி இல்லை. நான் மாநிறத்துக்கும் கொஞ்சம் கறுப்பு. அதில் சிவப்பு எங்கே தெரியும்? அடிபட்டுக் கன்றிப்போன மாதிரி, ஊதாவும் பழுப்பும் கலந்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரே திட்டு. நடுவில் வெளுக்கவும் இல்லை. தயவுசெய்து இதை மனதில் வையுங்கள். லைம் வந்தவர்களில் 70 முதல் 80 சதவீதம் பேருக்குத் தடிப்பு வருகிறது, ஆனால் அந்த வட்டத்துக்குள் வட்டம் எல்லோருக்கும் வருவதில்லை. நம் நிறத்தில் மருத்துவர்களே தவறவிடுகிறார்கள். கடித்து 3 முதல் 30 நாளுக்குள் உடம்பில் எங்காவது நாளுக்கு நாள் விரிந்துகொண்டே போகும் ஒரு திட்டு இருந்தால், பேனாவால் ஓரத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள். தினமும் அதே வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படம் எடுங்கள். நான் எடுத்தது ஒரே ஒரு மங்கலான படம், அதுவும் அக்காவுக்கு அனுப்ப. பிற்பாடு எனக்கு இருந்த ஒரே சாட்சி அதுதான்.

மறுநாள் வீட்டுப் பக்கத்தில் இருந்த ஓர் அவசர கிளினிக்குக்குப் போனேன். சிலந்தி கடித்துத் தோலில் சீழ்த்தொற்று என்று சொல்லி செஃபலெக்சின் எழுதினார்கள். 185 டாலர். அந்த மாத்திரை லைம் கிருமிக்கு வேலை செய்யாது. எனக்கு அது அப்போது எப்படித் தெரியும்? நாலு நாளில் காய்ச்சல், உடம்பெல்லாம் அடித்துப்போட்ட வலி, கழுத்தைத் திருப்ப முடியவில்லை. அக்காவிடம் சொன்னபோது, “ஏய், இங்கே எல்லாரும் லைம் லைம்னு சொல்வாங்க, அந்த டெஸ்ட் எடுக்கச் சொல்லு” என்றாள். அதே கிளினிக்குக்கு மறுபடியும் போய், “என் அக்கா நியூஜெர்சியில் இருக்கிறாள், லைம் பார்க்கச் சொல்கிறாள்” என்றேன். நான் செய்த பெரிய தவறு இந்த ஒரு வாக்கியம். அக்கா அங்கே இருக்கிறாள் என்று சொன்னேனே தவிர, நானே இரண்டு வாரம் முன்னால் அந்தக் காட்டில் சருகின் மேல் உட்கார்ந்துவிட்டு வந்தேன் என்று சொல்லவில்லை. கேட்டால் சொல்லியிருப்பேன், கேட்கவில்லை. அவர் கணினியைத் திருப்பி ஒரு வரைபடம் காட்டினார். வடகிழக்கு மாநிலங்கள் முழுக்கப் புள்ளி மொய்த்துக் கறுத்திருந்தது. டெக்சாஸில் அங்கொன்று இங்கொன்று. “பாருங்கள், நம் பக்கம் இது கிடையாது” என்றார். ஆனாலும் என் திருப்திக்காக ரத்தம் எடுத்தார். 240 டாலர். மூன்று நாளில் முடிவு: இல்லை. நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த ‘இல்லை’க்கு எந்த அர்த்தமும் இல்லை என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை, கிருமிக்கு எதிராக நம் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடுகிறது. அது ரத்தத்தில் தெரிய வரவே சில வாரம் ஆகும். தடிப்பு இருக்கும் நாட்களில் எடுத்தால் பல பேருக்கு ‘இல்லை’ என்றுதான் வரும். அதனால்தான், உண்ணி இருக்கும் பகுதிக்குப் போய்வந்தவருக்கு அந்தத் தடிப்பு இருந்தால், பரிசோதனைக்குக் காத்திருக்காமல் மருந்தைத் தொடங்கலாம் என்பதே அங்கே வழிகாட்டுதல். உங்களுக்கு முதல் வாரங்களில் எடுத்து இல்லை என்று வந்து, உடம்பு சரியாகவில்லை என்றால், சில வாரம் கழித்துத் திரும்ப எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள்.

தடிப்பு தானாக மறைந்தது. காய்ச்சலும் போனது. நான்கு வாரம் நன்றாகவே இருந்தேன், கொஞ்சம் அசதி மட்டும். அப்புறம் அந்த வியாழக்கிழமை. மருத்துவமனையில் தலையை ஸ்கேன் செய்து, பக்கவாதம் இல்லை, முகவாதம், காரணம் தெரியாமல் வருவது, போகப் போகச் சரியாகும் என்று ஸ்டீராய்டு கொடுத்து அனுப்பினார்கள். காப்பீடு போக என் பங்கு 2,900 டாலர். முகம் கோணினால் வீட்டில் உட்கார்ந்து இது லைமாக இருக்குமோ என்று யோசிக்க வேண்டாம். நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள், பக்கவாதம் இல்லை என்பதை முதலில் அவர்கள்தான் சொல்ல வேண்டும். எனக்கு அந்தப் பணத்தில் வருத்தமில்லை. அங்கேயும் யாரும் எங்கே போய்வந்தாய் என்று கேட்கவில்லையே என்பதில்தான் வருத்தம்.

அடுத்த பத்து நாள்கள் என் வாழ்க்கையிலேயே மோசமானவை. ராத்திரி இடது கண்ணுக்கு மருந்து விட்டு, இமையை மூடி டேப் ஒட்டிப் படுப்பேன். சாதம் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே போய் அடைத்துக்கொள்ளும், விரலை விட்டு எடுக்க வேண்டும். அம்மா வீடியோவில் கூப்பிட்டால் கேமரா கெட்டுப்போச்சு என்று பொய் சொன்னேன். ஒப்பந்த வேலை என்பதால் சம்பளத்தோடு விடுப்பு கிடையாது. இரண்டு வாரச் சம்பளம் போனது. அதைவிட, ஒரு கூட்டத்தில் பேச வாய் திறந்து, என் குழறலைக் கேட்டு நானே நிறுத்திக்கொண்டேன். அன்று அழுத அழுகை.

ஆகஸ்ட் 7ஆம் தேதி ஒரு தொற்றுநோய் மருத்துவரிடம் இடம் கிடைத்தது. வயதான அம்மா. உட்கார்ந்ததும் என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் கேட்டார்: “ஜூன் மாதம் எங்கே போயிருந்தீர்கள்?” சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்த மங்கலான படத்தைக் காட்டினேன். “இது போதும்” என்று சொல்லி அன்றைக்கே டாக்சிசைக்ளின் எழுதினார்; ஒரு நாளைக்கு இரண்டு, 21 நாள். ரத்தமும் எடுத்தார். நான்கு நாளில் முடிவு வந்தது, இந்த முறை ‘உண்டு’. அந்த மருந்துக்கு நான் கொடுத்தது 18 டாலர். ஜூன் 20ஆம் தேதியே இந்த 18 டாலர் மருந்து என் கைக்கு வந்திருந்தால், தலை ஸ்கேனும் இல்லை, டேப் ஒட்டிய கண்ணும் இல்லை. மருத்துவர் கட்டணம் எல்லாம் சேர்த்து 3,700 டாலர் ஆனது, சம்பள இழப்பு தனி.

அந்த மாத்திரை பற்றி நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. வயிறு புரட்டுகிறது என்று நான் தயிர்சாதத்தோடு சாப்பிட்டேன். பாலும் தயிரும் அந்த மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும் என்று மருந்துக்கடைக்காரர் நான்காம் நாள்தான் சொன்னார். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளும் அப்படித்தான்; இடைவெளி விட வேண்டும். நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள், விழுங்கியவுடன் படுத்துவிடாதீர்கள், நெஞ்சுக்குழாய் புண்ணாகும். வெயிலில் தோல் சட்டென்று கருகும், டெக்சாஸ் ஆகஸ்ட் வெயிலில் அதையும் பட்டேன்.

மாத்திரை ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) சுகாதாரத் துறையிலிருந்து ஒரு செவிலியர் அழைத்தார். ஆய்வகம் என் முடிவை அவர்களுக்கு அனுப்பியிருக்கிறது. லைம் 1991இலிருந்து நாடு முழுக்கத் தெரிவிக்கப்பட வேண்டிய நோய். எப்போது தடிப்பு, எப்போது முகவாதம், தடிப்புக்கு முந்தைய 30 நாளில் எங்கெங்கே போனேன் என்று பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். டெலவேர் வாட்டர் கேப் என்று எழுத்துக்கூட்டிச் சொன்னேன். “அப்படியானால் என்னை நியூஜெர்சி கணக்கில் எழுதுவீர்களா, பென்சில்வேனியா கணக்கிலா?” என்று கேட்டேன். “இல்லை, நீங்கள் குடியிருப்பது இங்கேதானே, டெக்சாஸ் கணக்குதான்” என்றார்.

போனை வைத்த பிறகு வெகுநேரம் அந்த வரைபடத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் புள்ளிகள் உண்ணி கடித்த இடங்கள் இல்லை! நோய் வந்தவர் குடியிருக்கும் கவுண்டிக்குள் ஏதோ ஓரிடத்தில் வைக்கப்படும் புள்ளிகள். டெக்சாஸில் இருக்கும் அந்த ஒன்றிரண்டில் ஒன்று இப்போது நான். அடுத்து யாராவது அதைப் பார்த்து இங்கேயே உண்ணி கடித்து வந்தது என்று நினைத்தால் அதுவும் தவறு, இங்கே இருப்பவருக்கு லைம் வராது என்று நினைத்தால் அதுவும் தவறு. மருத்துவரிடம் போகும்போது நீங்கள் குடியிருக்கும் ஊரைச் சொல்லி நிறுத்தாதீர்கள். போன சில மாதங்களில் கால் வைத்த ஊர்களை, முக்கியமாகப் புல், காடு, ஏரிக்கரை எல்லாவற்றையும், அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு இந்தக் கணக்கு எப்படி எடுக்கிறார்கள் என்று தேடித் தேடிப் படித்தேன். தூக்கம் வராத ராத்திரிகளுக்கு அது ஒரு துணையாக இருந்தது. எனக்கு நோய் வந்த 2023இல் நாடு முழுவதும் பதிவானவர்கள் 89,000க்கும் மேல். ஆனால் காப்பீட்டுப் பதிவுகளை வைத்து, 2010 முதல் 2018 வரை ஆண்டுக்குச் சுமார் 4,76,000 பேர் லைமுக்கு மருந்து பெற்றிருக்கலாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே மதிப்பிட்டிருக்கிறது. அதில் சந்தேகத்தின் பேரில் மருந்து வாங்கியவர்களும் அடக்கம் என்றாலும், இடைவெளி சின்னதில்லை. ஏன்? நோய் மிகுந்த மாநிலங்களில் ஒவ்வொருவரையும் என்னைப் போலக் கூப்பிட்டு விசாரிக்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. அதனால் 2022இல் கணக்கு முறையை மாற்றினார்கள். அங்கே ஆய்வக முடிவு ‘உண்டு’ என்று வந்தாலே போதும், எண்ணிவிடுவார்கள். அந்த ஆண்டு மட்டும் பதிவு 62,551 ஆனது, 2017–2019 சராசரியைவிட ஏறக்குறைய 70 சதவீதம் கூடுதல். நோய் ஒரே வருஷத்தில் அப்படிப் பெருகிவிடவில்லை. முன்பு அங்கே விசாரித்து முடிக்க முடியாமல் விட்டுப்போனவர்களும் இப்போது எண்ணிக்கைக்குள் வந்துவிட்டார்கள்.

இதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. அக்காவின் தெருவில் ஒரு பையனுக்குத் தடிப்பு வந்ததும் அவனுடைய மருத்துவர் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்து, பரிசோதனை எதுவும் இல்லாமல் மருந்து கொடுத்தார். இரண்டே வாரத்தில் சரியாகிவிட்டான். அதுதான் சரியான வைத்தியம். ஆனால் ஆய்வக முடிவு இல்லாததால் நியூஜெர்சியின் எண்ணிக்கையில் அவன் வரமாட்டான். முகம் கோணும்வரை கவனிக்கப்படாத நான் டெக்சாஸ் எண்ணிக்கையில் வருவேன். எனக்கு ஒரு மாதிரி மனசு கனத்தது. கணக்கெடுப்பவர்களைக் குறை சொல்லவில்லை. இருக்கும் ஆளை வைத்து நேர்மையாகவே செய்கிறார்கள், எது விடுபடுகிறது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறார்கள். அந்த எண்ணை வைத்து எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளை எடைபோடுவதுதான் ஆபத்து.

இந்த நோயின் முதல் கணக்கை எடுத்தது ஓர் அம்மா என்று படித்தபோது உடம்பு சிலிர்த்தது. கனெக்டிகட்டில் லைம் என்ற ஊர் வட்டாரத்தில் பாலி மரே என்பவர் வீட்டில் அவருக்கு, கணவருக்கு, பிள்ளைகளுக்கு என்று மாறி மாறித் தடிப்பும் மூட்டு வீக்கமும். மருத்துவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் ஒவ்வொன்றையும் எழுதி வைத்தார், 1975இல் மாநிலச் சுகாதாரத் துறையைக் கூப்பிட்டார். அதே வட்டாரத்தில் ஜூடித் மென்ஷ் என்ற இன்னொரு தாயும் கூப்பிட்டார். அதன் பிறகுதான் யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஸ்டீர் மூன்று ஊர்களில் தேடி 51 பேரைக் கண்டார். அவர்களில் 39 பேர் குழந்தைகள். 1977இல் அது வெளியானது. வில்லி பர்க்டார்ஃபர் உண்ணிக்குள் அந்தக் கிருமியைக் கண்டு 1982இல் அறிவித்தார். எல்லாவற்றுக்கும் முன்னால் இருந்தது ஒரு தாய் எழுதி வைத்த தேதிகள்தான். என் குறிப்பேட்டில் தேதி எழுதும் பழக்கம் எனக்கும் அப்போதுதான் வந்தது.

அம்மாவிடம் உண்மையைச் சொன்னபோது, “நம்மூர்ல சொல்ற உண்ணிக் காய்ச்சலாடி?” என்றார். இல்லை. அது வேறு கிருமி, பரப்புவதும் உண்ணி இல்லை, அதைவிடப் பொடியான பூச்சியின் குஞ்சு; கடித்த இடத்தில் கறுப்பாகப் பொருக்குத் தட்டும். ஆனால் அதற்கும் கொடுப்பது இதே டாக்சிசைக்ளின்தான். ஊரில் விடாத காய்ச்சல் என்றால் அக்குள், இடுப்பு, தொடை இடுக்கெல்லாம் அந்தப் பொருக்கு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி அம்மாவிடம் சொல்லி வைத்தேன்.

என் முகம் செப்டம்பர் கடைசியில்தான் முழுதாகத் திரும்பியது. களைத்திருக்கும் நாளில் சிரித்தால் இடது ஓரம் கொஞ்சம் பின்தங்கும், மற்றவர்களுக்குத் தெரியாது.

2024 ஜூனில் மறுபடியும் அதே இடத்துக்குப் போனோம். பயந்துகொண்டு போகாமல் இருக்க எனக்கு மனமில்லை. வெளிர் நிற பேண்ட், அதன் கால் காலுறைக்குள். துணிக்கும் ஷூவுக்கும் முந்தின நாளே 0.5 சதவீத பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்து உலர்த்தினோம், அதைத் தோலில் போடக் கூடாது. பாதையின் நடுவில் நடந்தோம், விழுந்த மரத்தின் மேல் யாரையும் உட்கார விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் துணியைத் துவைக்கும் முன் நேராக டிரையரில் அதிக சூட்டில் பத்து நிமிடம். இரண்டு மணி நேரத்துக்குள் எல்லோரும் குளியல். அப்புறம் அக்காவும் நானும் பிள்ளைகளின் காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள், அக்குள், தொப்புள், இடுப்பு, தொடை இடுக்கு, முழங்கால் மடிப்பு என்று விரலால் தடவித் தேடினோம். சின்னவனின் முழங்கால் மடிப்பில், எனக்கு இருந்த அதே இடத்தில், ஒரு கசகசா நெருடியது.

அக்கா வாஸ்லீனை எடுக்க ஓடினாள். தடுத்துவிட்டேன். எண்ணெய், நெயில் பாலிஷ், தீக்குச்சிச் சூடு எதுவும் வேண்டாம். முனை கூரான டுவீசரால் தோலை ஒட்டி அதன் தலைப்பக்கம் பிடித்து, திருகாமல், நிதானமாக நேரே மேலே இழுத்தேன். வந்துவிட்டது. சோப்புப் போட்டுக் கழுவினோம். குழந்தை மருத்துவரைப் போனில் கேட்டோம். நீண்ட நேரம் ஒட்டியிருந்த உண்ணி என்றால் 72 மணி நேரத்துக்குள் ஒரே வேளை டாக்சிசைக்ளின் கொடுப்பதுண்டு, இது ஏறி ஐந்து மணி நேரம்கூட ஆகவில்லை, மருந்து வேண்டாம், 30 நாள் தோலைக் கவனியுங்கள் என்றார். உண்ணியை ஜிப் பைக்குள் போட்டு, தேதியும் இடமும் எழுதி ஃப்ரீசரில் வைத்தோம். சின்னவன் சமையலறை நாட்காட்டியில் 30 கட்டங்களை எண்ணி வட்டம் போட்டான். தினமும் சாயங்காலம் முழங்காலைத் திருப்பி ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புவான், பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து. முப்பதாவது படத்திலும் ஒன்றும் இல்லை.